யூனிஸ் சிஸ்டரின் பெயரைச் சொல்லாமல் விடமாட்டேன்

ஆண்டவருடைய பிள்ளைகளே, என் மகள் நிலானி இன்று உயிரோடு இருக்கிறாள். அவள் போய்விடுவாள் என்று நான் நடுங்கிய ஒரு சனிக்கிழமையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன மாசி மாதம் அவளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை, சுகப்பிரசவம். லண்டனில், செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்து, பிள்ளை பெற்றவளுக்கென்று சரக்குக்கறி வைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலைந்து நாளில் அவள் முகம் வீங்கத் தொடங்கியது. விரலில் மோதிரம் இறுகிவிட்டது. அந்தச் சனிக்கிழமை காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, தலைக்குள்ள ஆரோ இடிக்கிற மாதிரிக் கிடக்கு. கண்ணுக்கு முன்னால வெளிச்சம் வெளிச்சமாப் போகுது. நெஞ்சுக்குக் கீழயும் நோகுது."

மருமகன் எங்களை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, குழந்தையோடு வீட்டுக்குத் திரும்பினார். தாதி பிரஷர் பார்த்தார். கொஞ்சம் கூட இருக்கிறது, பதற்றமாக்கும் என்றார். பிறகு ஓர் இளம் டொக்டர் வந்தார். பிள்ளை பெற்ற தாய்மாருக்கு நித்திரை இல்லை, தலையிடி வழமைதான், பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் படுங்கள் என்றார்.

எங்களுக்கு ஆங்கிலம் தெரியாததால் வந்த வினை என்று யாரும் சொல்ல வேண்டாம். நிலானி இங்கேயே வளர்ந்து, இங்கேயே படித்து, கணக்காளராக வேலை செய்கிறவள். வெளிச்சம் தெரிவதை இரண்டு தரம் நல்ல ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் திரையைப் பார்த்தபடி தலையாட்டினார். அவள் சொன்னது விளங்காமல் இல்லை. அவள் சொன்னதற்கு மதிப்பு இல்லை. அவ்வளவுதான்.

நானோ எழும்பி நின்று, "தேங்க்யூ டொக்டர்" என்றேன்.

மருந்து வரும்வரை வெளியே கதிரையில் இருக்கச் சொன்னார்கள். நிலானி என் தோளில் சாய்ந்தாள். உடம்பு கனத்தது. "அம்மா, எனக்கு ஏதும் நடந்தா பிள்ளையை நீங்கள் பாருங்கோ" என்றாள். கண்ணை மூடினேன். ஆண்டவரே, யாரையாவது அனுப்பும். பிறகு அல்ல, இப்போதே அனுப்பும். வேறு ஜெபம் எனக்கு வரவில்லை.

கண்ணைத் திறந்தால் முன்னால் யூனிஸ் சிஸ்டர் நிற்கிறார்.

அவரை எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரியும், பெயர்தான் தெரியாது. நாங்கள் ஞாயிறு பின்னேரம் வாடகைக்கு எடுக்கும் கட்டடத்தில் பக்கத்து மண்டபம் கறுப்பினச் சகோதரர்களின் சபை. எங்கள் ஸ்பீக்கர் காது கிழிய அலறுகிறது என்று ஒருநாள் கதவைத் தட்டியவர் இவர்தான். அதனால் "சவுண்ட் மாமி" என்று பிள்ளைகள் பெயர் வைத்திருந்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், ஆண்டவரே, இவரையா அனுப்பினீர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை தொங்கியது. நிலானியின் முகத்தைப் பார்த்தார். என்ன செய்கிறது என்று அவளிடம் கேட்டார். இடையில் வாயைத் திறக்காமல் முழுவதையும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு விளங்கியபடி எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"இவவை வீட்டை கொண்டுபோகாதேங்கோ."

"டொக்டர் போகச் சொல்லிப்போட்டார், சிஸ்டர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"தேங்க்யூ எண்டு சொன்னனான்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமையில நீங்கள் ஜெபிக்கிறது சுவருக்கு அங்கால எனக்குக் கேக்கிறது. எங்கட டிரம்ஸையே விழுங்கிப்போடும். அந்தத் தொண்டையை வீட்டிலயோ வைச்சிட்டு வந்தனீங்கள்?"

சுவரில் ஓர் அறிவிப்பைக் காட்டினார். நோயாளியின் நிலைமை மோசமாகிறது, தாங்கள் சொல்வதை ஒருவரும் கேட்கிறார்கள் இல்லை என்று வீட்டார் நினைத்தால், இந்த எண்ணுக்கு எடுக்கலாம். வேறொரு குழு வந்து பார்க்கும். அதன் கீழேதான் நான் இவ்வளவு நேரமும் இருந்தேன்.

"நீங்கள் எடுங்கோ, சிஸ்டர். உங்களுக்கு இங்கிலீஷ் நல்லா வரும்" என்று கெஞ்சினேன்.

"நான் பக்கத்தில நிக்கிறன். ஆனா தாய் நீங்கள். நீங்கள் எடுங்கோ."

நிலானி முனகினாள். "அம்மா, விடுங்கோ. சீன் பண்ணாதேங்கோ."

பிள்ளைகளே, அந்த நொடியில் எனக்குள் ஒரு கோபம் எழும்பியது. அதைப் பாவம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டேன். அதைத் தந்தவர் கர்த்தர். எண்ணை அழுத்தினேன். உடைந்த ஆங்கிலத்தில், நடைபாதை முழுக்கக் கேட்கச் சொன்னேன்: என் மகள் பிள்ளை பெற்றவள், கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, முகம் வீங்குகிறது, வீட்டுக்குப் போகச் சொல்கிறீர்கள், நான் போகமாட்டேன், வந்து பாருங்கள். இளம் டொக்டர் ஓடி வந்து, "கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், அம்மா" என்றார். "ஏலாது" என்றேன், தமிழிலேயே. அவருக்கு விளங்கியது.

வந்தார்கள். திரும்பப் பிரஷர் பார்த்தபோது அது நன்றாக ஏறிவிட்டிருந்தது. இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் பார்த்தார்கள். பிறகு யாரும் நடக்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள். கையில் மருந்து ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். பிள்ளை பிறந்த பிறகும் தாய்க்கு வரக்கூடிய பிரஷர் வருத்தமாம். வீட்டுக்குப் போயிருந்தால் வலிப்பு வந்திருக்கலாம், உயிரும் போயிருக்கலாம் என்று பெரிய டொக்டர் என்னிடம் நேரே சொன்னார்.

நான் வெளியே முழங்காலில் விழுந்தேன். யூனிஸ் சிஸ்டரும் என்னோடு விழுந்தார். மூட்டு நோவோடு விழுந்தார்.

காத்திருந்த நேரத்தில்தான் அவருடைய கதையைக் கேட்டேன். ஜமேக்காவிலிருந்து வந்து பஸ் ஓட்டியவரின் மகள். கவுன்சில் கந்தோரில் சின்ன வேலையில் சேர்ந்தவர். அவருடைய தங்கச்சி பிள்ளை பெற்ற பிறகு நோகுது, நோகுது என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போனாளாம். ஒருவரும் காது கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு வேலை முடிந்து பின்னேரங்களில் படித்துப் பட்டம் எடுத்து, அரசாங்கத்தில் சுகாதாரக் கொள்கை வகுக்கும் இடம்வரை போயிருக்கிறார். பெரிய மேசையைச் சுற்றி இவர் ஒருவர்தான் கறுப்புப் பெண். முதல் கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர் இவரிடம் தேநீர் கொண்டுவரச் சொன்னாராம். "போறீங்கள் எண்டா எனக்கும் ஒண்டு எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு, இருந்த இடத்தை விட்டு அசையவில்லையாம். எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த எண் வருவதற்கும் இவர்தான் போராடியிருக்கிறார். வீண் செலவு என்று அவர்கள் வெட்டுவார்கள். இவர் அடுத்த கூட்டத்தில் திரும்பக் கொண்டுபோய் வைப்பார். இப்போது ஓய்வு பெற்றும் ஓயவில்லை. தாய்மாருக்கு ஒரு குழு நடத்துகிறார், சனிக்கிழமைகளில் வார்டு வார்டாகப் போய் அவர்கள் சொல்வதைக் கேட்கிறார். சம்பளம் இல்லை.

நிலானி சுகமாகி வந்த பிறகு சபையில் சாட்சி சொல்ல ஆயத்தமானேன். எங்கள் மூப்பர் அண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, கர்த்தர் அற்புதம் செய்தார் எண்டு சொல்லுங்கோ, காணும். அந்தக் கறுப்பு மனிசியின்ர கதை, போன் எடுத்த கதை எல்லாம் ஏன்? மகிமை ஆண்டவருக்கெல்லோ."

"அண்ணை, நான் ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டனான். அவர் ஆளை அனுப்பினவர். வந்த ஆளை ஒளிச்சு வைச்சுப்போட்டு அனுப்பினவருக்கு எப்பிடி நன்றி சொல்றது?"

"ஆக்கள் பிழையா விளங்குவினம், அக்கா."

"விளங்கட்டும்."

சொன்னேன். முழுவதும் சொன்னேன். சிலர் ஆமென் சொல்லவில்லை. அதற்காக நான் நிறுத்தவும் இல்லை.

இப்போது நானும் யூனிஸ் சிஸ்டரின் குழுவில் இருக்கிறேன். என் ஆங்கிலம் இன்னும் உடைந்ததுதான். போன கூட்டத்தில் ஆஸ்பத்திரிப் பெரியவர் ஒருவர், தமிழ்த் தாய்மார் குறை சொல்வதில்லையே, திருப்தியாகத்தானே இருக்கிறார்கள் என்றார். "நாங்கள் தேங்க்யூ சொல்வது திருப்தியில் அல்ல, ஐயா, பயத்தில்" என்றேன். யூனிஸ் சிஸ்டர் மேசையில் ஒரு தட்டுத் தட்டி, "ஆமென்" என்றார்.

என் பேத்தி இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறாள். அவளுக்குச் சோறு தீத்துகிறவள் அவளுடைய தாய். நான் அல்ல. இதற்காக ஆண்டவருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

இதை வாசிக்கும் சகோதரிகளே, உங்கள் பிள்ளைக்காக முழங்காலில் நில்லுங்கள். அவர் கேட்கிறார், நான் கண்டேன். பிறகு எழும்பிப் போய், உங்களை வீட்டுக்குப் போகச் சொன்ன ஆளுக்கு முன்னால் நின்று, ஏன் என்று கேளுங்கள். தனியப் போகப் பயமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், நான் பக்கத்தில் நிற்பேன். ஞாயிறு ஆராதனை நேரமென்றாலும் வருவேன். மூப்பர் அண்ணை கோபித்தால் கோபிக்கட்டும். ஆண்டவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.