கை படாத பாடம்

என் அண்ணன் இதிகாசம் சொன்னால் அரக்கனுக்குக் கையே கிடையாது. பத்துத் தலை, இருபது கை என்று நீட்டி முழக்குவார். காட்டுக் குடிசையில் தனியாக இருக்கும் பிராட்டியைத் தூக்கிப்போகும் கட்டம் வந்ததும் அந்த இருபதும் எங்கோ ஒளிந்துகொள்ளும். குடிசையோடு, அவள் நின்ற மண்ணோடு பெயர்த்துத் தூக்கினான், விரல் நுனிகூடப் படவில்லை என்பார். "தாயாரை எவன் தொட முடியும், சொல்லுங்க?" ஜோகுபாளையத்து வீட்டுக் கார் ஷெட்டில் ஞாயிறு மாலைப் பாராயணத்துக்கு உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

மூலத்தில் தொட்டிருக்கிறான். இடது கையால் கூந்தலை, வலது கையால் தொடைகளை. பின்னால் அதைப் பாடிய பக்தர்களுக்கு அது பொறுக்கவில்லை. ஒருவர் மண்ணைப் பெயர்த்தார். இன்னொருவர் அசல் பிராட்டியை நெருப்புக்குள் ஒளித்துவைத்துவிட்டு நிழலை அனுப்பினார். நானும் எழுதுகிறவள், அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். கும்பிடுகிறவளின் தலைமயிரில் ஒரு கையை எழுதி வைத்துவிட்டு எப்படித் தூங்குவது? அவர்கள்மேல் எனக்குப் பகை இல்லை.

பகை அண்ணன்மேல். இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்பு, பிரேசர் டவுன் கிறிஸ்தவர் ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நான் சொன்ன காலையில், இதே வீட்டுக் கூடத்திலிருந்து கேட் வரைக்கும் என்னைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துப்போனார். இடது கையால்தான். வலது கை கேட்டைத் திறக்க வேண்டியிருந்தது. அண்ணி சமையலறை வாசலில் தோசைக் கரண்டியோடு நின்றார்.

அப்புறம் எங்கள் வீட்டிலும் ஒரு புதுப் பாடம் உண்டாயிற்று. அவளாத்தான் போனா, யாரும் மேல கை வைக்கல. கல்யாண வீடுகளில் காபியோடு அது பரிமாறப்பட்டது. அப்பா சாகும்வரை அதையே சொன்னார். அப்பா காரியத்துக்குப் போய் வந்த பிறகு என் மகளே கேட்டாள்: "நீயாதானேம்மா வந்தே? மாமா அப்படித்தான் சொன்னாரு." அன்றைக்கு முடிவு செய்தேன். அவர் வாயாலேயே அவள் கேட்க வேண்டும்.

போன ஆடியில் அண்ணி என்னைப் பாராயண வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார். எந்த வாரம் யார் படிப்பது என்று பட்டியல் வந்தது. கல்யாணத்துக்கும் பட்டாபிஷேகத்துக்கும் ஒரே முண்டியடிப்பு. தூக்கிப்போகும் கட்டத்துக்கு எதிரே நான் பேரைப் போட்டேன். அண்ணன் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினார். ஒன்பது வாரம் காத்திருந்தேன். ருசியான வாரங்கள். வண்டி ஓட்டும்போதும் வெங்காயம் நறுக்கும்போதும் அந்த வரியை வாய்க்குள் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மூலத்தின் தமிழ் உரைநடையைக் கொண்டுபோனேன். மகளையும் கூட்டிப்போனேன். இடமில்லாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நிதானமாகப் படித்தேன். இடது கையால் அவள் கூந்தலைப் பிடித்து என்று வந்ததும் அண்ணனைப் பார்த்தேன். வலது கையைப் படிக்கவில்லை. நானும் என் பங்குக்குத் திருத்தினேன், எனக்கு வேண்டியது அந்த ஒரு கைதான். புத்தகத்தை மூடினேன்.

"இன்னைக்கு இவ்வளவுதான்."

"இல்லி நில்லிஸபாரதம்மா," என்றார் பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாள். இங்கே நிறுத்தக் கூடாது. துக்கமான இடத்தில் எந்தப் பாராயணமும் நிற்காது. நல்லது ஒன்று நடக்கும்வரை படித்துக்கொண்டே போக வேண்டும். அப்புறம்தான் தீபாராதனை, சுண்டல்.

"சுண்டல் ஆறுதும்மா," என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர். "அவனை இலங்கையிலயாவது இறக்கி விட்டுட்டு நிறுத்து."

சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. "அது நம்ம பாடம் இல்லம்மா. நம்ம பாடத்துல கை படல."

"எந்தப் பாடத்துலண்ணே? புத்தகத்துலயா, நம்ம வீட்டுலயா?"

அண்ணன் கையை நீட்டினார். "கொடு, நானே படிக்கிறேன்," என்று புத்தகத்தை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒரு பக்கம் தள்ளி, கழுகு வந்து வழி மறிக்கும் இடத்தில் ஆரம்பித்தார்.

"விட்ட வரியிலேர்ந்து எடுக்கணுங்க." சுண்டல் பாத்திரத்துப் பக்கத்திலிருந்து அண்ணி சொன்னார். "நீங்கதானே எல்லாருக்கும் சொல்லுவீங்க."

அந்தக் காலையைப் பற்றி இத்தனை வருஷத்தில் அண்ணி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதும் பேசவில்லை. பாராயண முறையைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் பக்கத்தைத் திருப்பினார். விரல் அந்த வரியைத் தேடிக்கொண்டு போயிற்று, கண்டும் காணாததுபோல் தாண்டிற்று, திரும்பி வந்தது. இடது கையால், என்றார். மீதியைத் தன் சட்டைப் பைக்குள் சொல்வதுபோல் சொல்லி முடித்தார். அறுபத்தைந்து வயது. சர்க்கரை. இரக்கம் வருகிறதா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். வரவில்லை.

"கடைசி வரிசையில என் பொண்ணு இருக்காண்ணே," என்றேன். "அவளுக்குக் கேக்கல."

அண்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி அந்த வரிக்குப் போனார்.