இருண்ட திரை

பட்டான்செரு ஆய்வுக்கூடத்தில் பெருங்குடல் செல்களை வளர்ப்பது என் வேலை. செல்களைச் சிதைக்கும் வேதித் துகள்களான ஃப்ரீ ராடிக்கல்கள் அவற்றைத் தாக்கினால், நாங்கள் சேர்த்திருக்கும் சாயம் நுண்ணோக்கித் திரையில் பச்சையாக ஒளிரும். மாதக்கணக்கில் அந்தப் பாழாய்ப்போன பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூஸ் கடையில் தூக்கியெறியும் மாதுளைத் தோலில், அந்தத் தாக்குதலைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் அதிகம். அதன் சாற்றைச் செல்களுக்குக் கொடுத்துவிட்டு, அன்று ஃப்ரீ ராடிக்கல்களை மறுபடி தாக்கவிட்டோம். திரை இருட்டாகவே இருந்தது. செத்துத் தொலைந்தனவோ என்று பதறி, சாதாரண வெளிச்சத்தில் பார்த்தேன். அத்தனையும் உயிரோடிருந்தன!

உடனே வீடியோ காலில் மகளுக்கு அந்த இருண்ட திரையைக் காட்டினேன். இங்கேயே தெலுங்குப் பள்ளியில் படிப்பவள், தெலுங்கில்தான் பதில் சொல்வாள்.

“அம்மா, ஏமீ லேது கதா!”

“ஆமாண்டி தங்கம், ஒண்ணுமே இல்ல!” என்று ஆய்வுக்கூடமே அதிரக் கத்தினேன்.