மஹ்ரூப் நானாவின் கூரையில்லாத கார்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரணம் சொல்லும் ஜனாஸா அறிவித்தல் வந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பெயரைச் சொன்னார்கள், தெருவைச் சொன்னார்கள். மாத்தளையில் மஹ்ரூப்புகளுக்குப் பஞ்சமா? அறிவித்தவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். கொஞ்சம் நிறுத்தி, "பச்சைக் கார் மஹ்ரூப் நானா" என்று சேர்த்துச் சொன்னார். போன மாதம்தான் அந்தக் காரைப் பற்றி அவரோடு ஒரு சண்டை போட்டிருந்தேன்.

என்னை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் பெற்றோல் செட்டில் காசு மேசையில் இருந்தவள். என் வாய்க்குப் பயந்து லொறிக்காரர்கள்கூடச் சில்லறையைச் சரியாகக் கொண்டுவருவார்கள். அந்த வாய்க்கு இத்தனை வருடம் தீனி போட்டவர் மஹ்ரூப் நானா.

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது தன் நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போன ஸ்போர்ட்ஸ் கார் அது. ஆறு சிலிண்டர், இரண்டு காபரேட்டர், இரண்டே இரண்டு சீட், மடித்து வைக்கிற துணிக்கூரை. வேகம் காட்டும் முள்ளுக்கு நூற்றுநாற்பது மைல் வரை இடம் இருந்தது. துரை அதை விட்ட வேகத்தில் கண்டி ரோட்டுக் கோழிகள்கூட ஒதுங்கப் பழகிவிட்டன என்பார்கள். மிளகும் கராம்பும் வாங்கி விற்ற மஹ்ரூப் நானா, லொறி வாங்கியிருக்க வேண்டிய காசில் அதை வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? மாட்டுவண்டி மாதிரி ஓட்டினார்!

ஊர் பைத்தியம் என்றது. நானும்தான். முதல் தடவை செட்டுக்கு வந்தபோதே கேட்டுவிட்டேன். "நானா, இப்படி உருட்டிக்கிட்டுப் போறதுக்கு நடந்தே போகலாமே? செலவாவது மிஞ்சும்."

அவர் கோபப்படவில்லை. பக்கத்துச் சீட்டில் முக்காட்டோடு இருந்த மனைவி ஜெஸீமா ராத்தாவைக் காட்டினார். "இவவுக்கு மூடின வாகனம் ஏலா தங்கச்சி. ரத்தோட்டைக்குப் போறதுக்குள்ள வயித்தப் பொரட்டிச் சத்தி. உம்மா இருக்கிறது பல்லேகமவில. கலியாணம் கட்டின நாள்லேருந்து உம்மாட மொகத்தப் பாக்கல்ல. இதுல காத்து மொகத்தில அடிச்சா ஒண்டும் வாறல்ல. மெதுவாத்தான் போகணும், வாற மாதிரி இருந்தா நிப்பாட்டணும். நான் வேகத்துக்குப் பெற்றோல் அடிக்கல்ல, காத்துக்கு அடிக்கிறேன்."

பல்லேகம பாதை தெரிந்தவர்களுக்கு விளங்கும். ரத்தோட்டையில் தொடங்கி மலையேறி, பனிக்குள் புகுந்து, மறுபக்கம் வளைந்து வளைந்து லக்கல பக்கம் இறங்கும். கல் மாதிரி இருக்கிறவனுக்கே வயிற்றைப் புரட்டும். ராத்தாவின் வாப்பா அங்கே கடை போட்டு அங்கேயே தங்கிவிட்டவர். அவர் காலமான பிறகும் உம்மா அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

மெல்ல ஓட்டினால் செலவு குறையும் என்று நினைக்காதீர்கள். ஓடப் பிறந்த இஞ்சினை உருட்டினால் பிளக்கில் கரி பிடிக்கும். ஆறையும் கழற்றிச் சுரண்ட வேண்டும். ஏற்றத்தில் சூடேறும், ஓடை கண்ட இடமெல்லாம் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டும். கேலனுக்குப் பதினைந்து மைல் ஓடினால் அன்றைக்கு அவருக்குப் பெருநாள். டயர் விலையைக் கேட்டால் நமக்கே சத்தி வரும். ஒரே ஒரு செலவு மிச்சம், கூரை. எலி கடித்த துணியை அவர் மாற்றவே இல்லை. கூரை போட்டால் ராத்தாவுக்குப் புரட்டுமே! மழையிலும் இருவரும் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு நனைந்தபடி போவார்கள். "குளிக்கப் போறீங்களா, ஊருக்குப் போறீங்களா?" என்று கத்துவேன். "ரெண்டும்தான் தங்கச்சி, ஒரே செலவில" என்பார்.

எண்பதுகளின் கடைசியை உங்களுக்கு நான் நினைவுபடுத்தத் தேவையில்லை. கிளர்ச்சிக்காரர்கள் இரவில் ஒட்டிவிட்டுப் போகும் துண்டுக் காகிதத்துக்கு ஊர் முழுக்கக் கடை பூட்டும்; திறந்தவனுக்குச் சூடு. வீதியோரத்தில் கிடக்கும் உடல்களைப் பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தோம். அப்படிப் பூட்டிய ஒரு நாள் பின்னேரம் செட்டின் தொலைபேசி அடித்தது. எங்கள் வீடு செட்டுக்குப் பின்னால்தான், ஓடிப்போய் எடுத்தேன். பல்லேகமவிலிருந்து பேசினார்கள். ராத்தாவின் உம்மாவுக்கு வருத்தம் கடுமை, இரவு தாண்டாது, மகளைக் கேட்கிறார்.

நான் போய்ச் சொன்ன கையோடு காரை எடுத்துக்கொண்டு செட்டின் பின்பக்கத்தால் வந்தார்கள். கரண்ட் இல்லை. செட்டைத் திறந்தது தெரிந்தால் எனக்கு என்ன நடக்கும் என்று மூன்று பேருக்கும் தெரியும். எப்போதும் இரண்டு கேலனுக்கு மேல் கேட்காத மனிதர், "ஃபுல்லா அடிங்க தங்கச்சி" என்றார். கைப்பிடியைப் போட்டுப் பம்பை நானே சுற்றினேன். கண் ரோட்டிலேயே இருந்தது. வாய் மட்டும் நிற்கவில்லை.

"வேகமாப் போனா ராத்தாவுக்குச் சத்தி வரும். மெதுவாப் போனா ஊரடங்கு வந்துரும். என்னதான் செய்யப் போறீங்க நானா?"

அவர் ராத்தாவைப் பார்த்தார். ராத்தா முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "வந்தா வரட்டும். நீங்க உடுங்க."

அந்தக் காருக்குள் என்ன இருந்தது என்று அன்றுதான் மாத்தளைக்குத் தெரிந்தது. ஆளில்லாத ரோட்டில் முதலில் இருமியது. கரியெல்லாம் எரிந்து தீர்ந்ததும் ஒரே சத்தம்; மலையேறும் வரை கேட்டுக்கொண்டே இருந்தது. ஐயோ கடவுளே என்று பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மிச்சத்தைப் பிறகு ராத்தா சொன்னார். கூரையில்லாத காரில் துருவிப் பார்க்க ஒன்றுமில்லை என்று சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் கை காட்டி அனுப்பிவிட்டானாம். ஊரடங்குக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உம்மாவுக்கு நினைவு இருந்தது. மகளின் கன்னத்தைத் தடவி, அவர் கேட்டது ஒன்றுதான்.

"சத்தி வரல்லியா மகள்?"

விடியுமுன் மவுத்தாகிவிட்டார்.

அதற்குப் பிறகு மஹ்ரூப் நானா பழையபடி உருட்டத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. "மாமியும் போயிட்டாங்க. இனி இது எதுக்கு நானா? நல்ல விலைக்கு ஆள் கேட்கிறாங்க, வித்துடுங்க" என்றேன். அவர் என்னை ஒரு விவரம் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "என்ன தங்கச்சி பேசுறீங்க? இவவுக்கு இன்னம் சத்தி வருதே." கிட்ட இருக்கிற நாலந்தாவில் ஒரு கலியாணம் என்றாலும் அந்தக் காரில்தான் போனார்கள். போன மாதம்கூடப் பிளக் வாங்கக் கொழும்புக்கு ஆள் அனுப்பியிருந்தார். இந்த வயதில் இது என்ன வீண் செலவு என்று அதற்குத்தான் சண்டை போட்டேன்.

உங்களில் ஒவ்வொருவருக்கும் அவரிடமிருந்து ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கும். எனக்கு "காத்துக்கு அடிக்கிறேன்" என்ற அந்தப் பதில் மிஞ்சியிருக்கிறது. பெற்றோல் விலை பற்றி யார் வாய் திறந்தாலும் எனக்கு அதுதான் காதில் கேட்கிறது.

கணவனுக்காக இத்தாவில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ராத்தாவை நேற்றுப் போய்ப் பார்த்தேன். நானாவின் மையித்தைக் கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து மூடின வேனில்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். ராத்தா பக்கத்திலேயே இருந்து வந்திருக்கிறார். "வேன்ல எப்படி ராத்தா வந்தீங்க?" என்று இந்தப் பாழும் வாய் கேட்டுவிட்டது.

"ஒண்டும் வரல்ல புள்ள" என்றார். "வழி முழுக்க வரட்டும் வரட்டும் எண்டு இருந்தேன். வந்தா அவரு நிப்பாட்டுவாரே."