ஸ்லோவில் நிற்காத மோட்டார் சைக்கிள்

அம்மா இரண்டு வருட வேலைக்காகக் குவைத்துக்குப் புறப்பட மூன்று நாள் இருந்தபோது அப்பாவின் மோட்டார் சைக்கிள் மக்கர் பண்ணத் தொடங்கியது. ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்திருக்கும்வரை நன்றாக ஓடும். கையைத் தளர்த்தினால் இரண்டு தடவை விக்கிவிட்டு அணைந்துபோகும். என்னைவிட மூத்த வண்டி அது. எனக்கு அப்போது எட்டு வயது.

மண்சரிவுக்குப் பிறகு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு பஸ் வருவதில்லை. சரிந்த இடத்தில் மிஞ்சியிருந்த ஓரத்தில் மோட்டார் சைக்கிள் மட்டும்தான் போகும். பலாங்கொடை டவுனுக்கு இறங்கி அம்மா கொழும்பு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பாதை முழுக்க வளைவும் இறக்கமும். வளைவுக்கு வளைவு அணையும் வண்டியில் பெட்டியோடு ஒருவரை ஏற்றிப் போக முடியாது.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வாசலில் சாக்கை விரித்து கார்பரேட்டரைக் கழற்றினார். பெட்ரோலில் கழுவினார், சின்னத் துளையில் வாயை வைத்து ஊதினார், பிளக்கை மாற்றினார். முறுக்காதபோதும் வண்டி அணையாமல் ஓடும்படி ஸ்லோ வைக்கும் திருகாணியை அரைச் சுற்று உள்ளே, அரைச் சுற்று வெளியே என்று மூன்று நாளும் திருப்பிக்கொண்டிருந்தார். பள்ளி விடுமுறை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தேயிலை மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி வந்து எங்கள் இருவரையும் வண்டியையும் மூடும். பெட்ரோல் வாசனை மட்டும் மிஞ்சும். பிறகு மெல்ல விலகும்போது அப்பா அதே இடத்தில், அதே திருகாணியோடு இருப்பார். அந்த மூன்று நாளும் ஒரே நாளைப் போல நீண்டு கிடந்தன.

புறப்படும் காலையில் அம்மா புதுச்சேலையோடு வாசலுக்கு வந்தார்.

“இன்னக்கிப் போகலேன்னா ஏஜென்சிக்காரங்க வேற ஆள அனுப்பிருவாங்கங்க.”

“எல்லாம் செஞ்சி பாத்துட்டேன். ஸ்லோவுல நிக்க மாட்டேங்குதே” என்றார் அப்பா, தலையை நிமிர்த்தாமல்.

அவர் முறுக்கிப் பிடித்திருந்த நேரத்தில் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. யாரோ பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவது போல. கார்பரேட்டரையும் இஞ்சினையும் இணைக்கும் ரப்பருக்குக் கீழிருந்து அது வந்தது. விரலைக் கொண்டுபோனேன், தோலை மெதுவாக இழுத்தது. அப்படியே அழுத்தி மூடினேன். அப்பா கையைத் தளர்த்தினார். வண்டி அணையவில்லை. உறங்குகிறவரின் மூச்சைப் போல ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

“கைய எடு புள்ள” என்றார். எடுத்ததும் விக்கி அணைந்தது.

ரப்பரின் அடிப்பக்கத்தில் நக அளவு வெடிப்பு.

“புள்ளைக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலயா?” என்று அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டி, ரப்பரைச் சுற்றி இறுக்கிக் கம்பியால் கட்டினார். அப்படிக் கட்ட அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அம்மா என் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் அவர் இடுப்போரமாக வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாருமே தொடாமல் அது தானாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் என்றால் நீண்ட விடுமுறை மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன்.

அவர்கள் போனதும் பனிமூட்டம் பாதையை மூடியது. வாசலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டேன். முதல் வளைவில் சத்தம் தாழ்ந்தது, அணையவில்லை. இரண்டாவது வளைவிலும் அணையவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் கைதட்டினேன்.

அப்பா மத்தியானம் தனியாகத் திரும்பினார்.

“நான்தானேப்பா சரி பண்ணினேன்?”

“ஆமா புள்ள. நீதான்.”

அவர் என்னைப் பார்க்காமல் வண்டியைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனார். இன்னும் கொஞ்சம் பாராட்டியிருக்கலாமே என்று எனக்குக் கோபம் வந்தது. லயத்தில் வீடு வீடாகப் போய், அம்மாவைக் குவைத்துக்கு அனுப்பி வைத்தது நான்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.