மஸ்தூராவின் தேநீர்ச் சூடு

பச்சைத் தேநீர்க் கிண்ணத்துக்குள் ஆள்காட்டி விரலை விட்டபடி மஸ்தூரா எண்ணுகிறாள். இரண்டைத் தாண்டுவதற்குள் விரல் தானாக வெளியே ஓடி வந்துவிட வேண்டும். அதுதான் சரியான சூடு. பிறகு நூல் இறங்கும் குழாயின் தளர்ந்த முனையை நகக்கண் அளவு நறுக்கி, அதே தேநீரில் முக்கி, இளகியதும் இயந்திரத்தின் உலோக மூக்கில் ஏற்றி அழுத்துவாள். ஆறியதும் குழாய் அங்கே கவ்விக்கொள்ளும். சூடு கூடினால் முனை சுருங்கிப் பிடி நிற்காது. குறைந்தால் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு மத்தியானம் கழன்றுவிடும்.

சூஸ்த் ஊரில் இக்ரோமின் பூவேலைப் பட்டறையில் இருக்கிற இயந்திரத்துக்குப் பதினைந்து தலை. தலைக்கு ஒன்பது ஊசி. ஒவ்வோர் ஊசிக்கும் மேலேயுள்ள நூல்கண்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் இறங்குகிறது. ஆக நூற்று முப்பத்தைந்து குழாய்கள். தினமும் காலையில் அத்தனையையும் இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்த பிறகுதான் விசையைத் தட்ட விடுவாள். கறுப்புத் துணியில் வெள்ளை நூலால் பாதாம் வடிவப் பூ விழுகிற தொப்பி இந்த ஊரின் மானம். ஒரு குழாய் ஆடினால் நூல் தொய்யும். நூல் தொய்ந்தால் பாதாம் அழுகின பழமாகிவிடும்.

"பொண்ணு பார்க்கப் போறவன் மீசையைத் தடவுற மாதிரி அந்தக் குழாயையே தடவுறியே அக்கா" என்று நூல் மாற்றுகிற சனோபர் சீண்டுவாள். இருவருக்கும் வயது ஐம்பதுக்கு மேல். மஸ்தூரா மூன்று மாதம்தான் மூப்பு. அந்த மூன்று மாதத்துக்காகவே மஸ்தூரா அவளை 'ஏய் சின்னவளே' என்று அதட்டுவாள். பிளாஸ்டிக் ஊறின தேநீரைக் குடித்தே ஒருநாள் சாவாய் என்பாள் சனோபர். ஊறினதை யாரும் குடிக்கவில்லை. குழாய்க்குத் தனிக் கிண்ணம் உண்டு. அதை வேறு யாரும் தொட்டுவிட முடியாது.

கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. தம்பி வீட்டில் சமையலறையை ஒட்டி ஓர் அறை. அங்கே அவள் பெயரை யாரும் சொல்வதில்லை. "இங்கதான்டி என்னைக் கூப்புடுறாங்க. அங்க ஏவுறாங்க" என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். பட்டறையில் இக்ரோம் உட்பட எல்லோருக்கும் அவள் 'உஸ்தா', கைதேர்ந்தவள்.

சர்க்கரை நோய் வந்து ஆறு வருடமாகிறது. மருத்துவர் விலக்கச் சொன்ன கற்கண்டைத்தான் முதலில் வாயில் போடுவாள். இந்த வசந்தத்திலிருந்து விரல் நுனிகள் மரத்துவிட்டன. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியை, மற்றவர்கள் கைமாற்றிக் கைமாற்றி வாங்கும்போது, அவள் இரு கையாலும் ஏந்தி நின்றதைச் சனோபர் பார்த்துவிட்டாள். பார்த்தும் கேட்கவில்லை. கேட்டால் அது உண்மையாகிவிடுமே என்று பயம்.

குழாய்கள் கழலத் தொடங்கின. முதலில் மூன்றாம் தலை, பிறகு பதினொன்று. புதுச்சரக்கு மட்டம் என்று மஸ்தூரா கடைக்காரனைத் திட்டினாள். செவ்வாயன்று ஏழாம் தலையில் கழன்ற குழாய் பக்கத்து நூல்களையும் இழுத்துக்கொண்டு போயிற்று. கல்யாண வீட்டுக்கான தொப்பித் துணி முழுதும் பாழ். பாதாமுக்குப் பதில் கொத்துக் கொத்தாக நூல்.

இக்ரோம் கத்துகிறவனல்ல. துணியை மடித்து ஓரமாக வைத்தான். கெண்டியை எடுத்து அவளுக்குத் தானே தேநீர் ஊற்றினான். எங்கள் சூஸ்த் பக்கம் மதிப்புள்ளவர்களுக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவோம். அடிக்கடி ஊற்றி உபசரிக்கலாமே என்று. விளிம்புவரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். இக்ரோம் விளிம்புவரை ஊற்றினான். தலை நிமிரவில்லை. அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

மஸ்தூரா அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாள். இரு கையாலும் எடுத்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. வாசல் பக்கம் போகாமல் ஏழாம் தலைக்குப் போனாள்.

"குழாய் முக்க நெறயத்தான் வேணும்" என்றாள்.

கழன்ற முனையை நறுக்கினாள். வழக்கம்போல ஆள்காட்டி விரலைக் கிண்ணத்தின் மேல் கொண்டுபோனாள். அங்கேயே நிறுத்தினாள். பிறகு, பதினெட்டு வருடமாகக் குழாய்க் கிண்ணத்தை யாரையும் தொடவிடாதவள், இந்தக் கிண்ணத்தைச் சனோபர் பக்கம் நீட்டினாள்.

"நீ விட்டுப் பாருடி."

சனோபர் விரலை விட்டாள். மஸ்தூரா அந்த விரலையே பார்த்துக்கொண்டு மெல்ல எண்ணினாள். ஒன்று. இரண்டு. விரல் துள்ளி வெளியே வந்ததும், குழாயை முக்கினாள்.