உஸ்திகாவுக்குப் போன மெதுவான கப்பல்

ஓகஸ்ட் மாதம் வந்தால் பலேர்மோ நகரத்துச் சிஞ்ஞோரா அம்மாக்கள் கடலோர வீடுகளுக்குப் போய்விடுவார்கள். அவர்களின் வீடுகளைத் துடைத்து உடுப்பு மினுக்கும் எங்களுக்கு அப்போதுதான் ஓய்வு. அந்த ஓய்வை நாங்கள் நகரத்தின் சீசா என்ற பகுதியில், மூன்றாம் மாடியில், மரச்சன்னல்களைச் சாத்திவிட்டு ஒரு மின்விசிறிக்கு முன்னால் கழிப்போம். கடல் பஸ்ஸில் போகும் தூரத்தில்தான் இருந்தது. ஏதாவது சாட்டுச் சொல்லி நான் போகாமல் இருந்துவிடுவேன்.

மகளுக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடம் தொடங்கியதும் விடுமுறையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். இரண்டு வருடம் போகாத இடங்களுக்குப் போனதாக எழுதினாள். அந்த வருடம் இனிப் பொய் எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

“வகுப்பிலை எல்லாரும் தீவுக்குப் போறவை. நான் பல்கணியிலை இருந்து பக்கத்து வீட்டு நாயைப் பாத்தனான் எண்டு எழுதவோ?”

“எழுது, எழுது. அந்த நாயைப் பற்றி ஒருத்தரும் இதுவரை எழுதேல்லை” என்றார் என் கணவர்.

அவள் சிரிக்கவில்லை. அதனால்தான் பயணம் தொடங்கியது.

திட்டம் போட்டது கீழ்மாடியில் இருந்த மொரீஷியஸ்காரி. அவளுடைய முன்னோர் தமிழர். வீட்டில் முருகன் படம் இருந்தது, தைப்பூசத்துக்கு விரதமும் இருப்பாள். ஆனால் தமிழில் கதைக்கத் தெரியாது. ‘அக்கா’, ‘சாமி’, ‘சோறு’ என்று சில சொற்கள்தான். மற்றதெல்லாம் எங்களுக்குள் இத்தாலியனில்தான் ஓடும். தீவில் பிறந்தவள் என்பதால் கடலைப் பற்றி ஒரு உறவுக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவாள்.

“அக்கா, வேகப் படகு வேண்டாம், விலை கூட. மெதுவான கப்பலில் மேல்தட்டில் இருந்து போவோம். காலையில் போய் மாலையில் திரும்பினால் தங்கும் செலவும் இல்லை. தீவில் தண்ணீர்கூட விலைதான், எல்லாவற்றையும் இங்கிருந்தே தூக்கிக்கொண்டு போவோம்.”

எல்லாவற்றையும் என்றால் உண்மையாகவே எல்லாவற்றையும்தான். புளிச்சோறு, பொரித்த மீன், அவித்த முட்டை, உறையவைத்த தண்ணீர்ப் போத்தல்கள். அவளுடைய கணவன் சந்தையிலிருந்து பச்சைத் தோல் மினுங்கும் ஒரு முழு வத்தகப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு துறைமுகத்துக்கு வந்தான். “இதுக்கும் டிக்கெட் கேட்டால் எனக்குத் தங்கச்சி என்று சொல்லுங்கள்” என்றான்.

நான் சிரித்தேன். ஆனால் முந்திய மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏனென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

மன்னாரில் நான் பள்ளிக்கூட ஆசிரியை. கணவர் முதலில் இத்தாலிக்கு வந்துவிட்டார். சண்டை முற்றியபோது நானும் நான்கு வயது மகளும் ஒரு மீன்பிடி வள்ளத்தில் இந்தியாவுக்குக் கடந்தோம். அந்தக் கடலில் போனவர்களுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ஓட்டி இயந்திரத்தைக் குறைத்தால் கடற்படைப் படகைக் கண்டுவிட்டான் என்று பொருள். ஒருவரும் ஒன்றும் கேட்கக்கூடாது. எல்லாரும் படுக்கவேண்டும். பிள்ளையைக் கீழே தள்ளி, அதன் மேல் தாய் படுத்து, வாயைப் பொத்தவேண்டும். நாங்கள் மூன்று தரம் படுத்தோம். மூன்றாவது தரம் துப்பாக்கிச் சூடு விழுந்தது. இயந்திரம் மறுபடி இரைந்தபோது எல்லாரும் எழும்பினோம். எனக்குப் பக்கத்தில் படுத்திருந்த பெண் எழும்பவில்லை.

இதை நான் கணவருக்குச் சொல்லவில்லை. இந்தியாவிலிருந்து இங்கே வந்துசேர்ந்தோம், அது போதும் என்று இருந்துவிட்டேன்.

உஸ்திகாத் தீவுக்குப் போன அன்று கடல் எண்ணெய் போலக் கிடந்தது. மேல்தட்டு வாங்குகளில் சிசிலிக்காரக் குடும்பங்கள் சாப்பாட்டுப் பைகளோடு இருந்தன. எங்களைப்போலத்தான் அவர்களும், செலவைப் பார்த்து வந்தவர்கள். மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மொரீஷியஸ்காரி அவளுக்குத் தண்ணீரின் நிறங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் உயிர்காப்பு வளையங்கள் எங்கெங்கே தொங்குகின்றன என்று பார்த்து வைத்தேன். இரண்டு மணித்தியாலம் கழிந்தது. கறுப்புப் பாறைகளோடு தீவு கிட்ட வந்தது. நான் முதல்முறையாக வாங்கில் முதுகைச் சாய்த்தேன். மகளும் வந்து பக்கத்தில் இருந்தாள்.

அப்போது இயந்திரத்தின் சத்தம் சட்டென்று இறங்கியது.

நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை. மகளின் பிடரியைப் பிடித்துத் தட்டில் அமுக்கி, அவள் மேல் விழுந்து, வாயைப் பொத்தினேன். “படுங்கோ! எல்லாரும் படுங்கோ!” என்று கத்தினேனாம். வாங்கில் இருந்த வத்தகப்பழம் நான் தட்டியதில் விழுந்து, தட்டு முழுக்க உருண்டு, பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த ஒரு மனிதரின் சப்பாத்தில் முட்டி நின்றது. யாரோ சிரித்தார்கள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

“என்னப்பா இது? கரை வருது, அதுதான் மெதுவாக்கிறான்” என்று கணவர் என் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

மகள் எழும்பினாள். முழங்கால் உரசி இரத்தம் கசிந்தது. அவளுடைய வயதில் இரண்டு பெண் பிள்ளைகள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கையை நீட்டினேன். “என்னைத் தொடவேண்டாம்” என்றாள். இத்தாலியனில் சொன்னாள். என்னோடு அவள் ஒருநாளும் தமிழைத் தவிர வேறு மொழியில் கதைத்ததில்லை.

தீவில் இறங்கியதும் அவள் மொரீஷியஸ்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. இவ்வளவு தூரம் கொண்டுவந்து பிள்ளையைத் தொலைத்துவிட்டேன் என்றுதான் எனக்குப் பட்டது.

பாறைகளுக்கு நடுவில் கடல் தானாக ஒரு குளம்போலத் தேங்கி நின்ற இடத்தைக் கண்டுபிடித்தோம். வத்தகப்பழத்தை வலைப்பையில் போட்டு, குளிரட்டும் என்று தண்ணீரில் இறக்கிக் கட்டினார்கள். மகள் மொரீஷியஸ்காரியின் கைகளில் மல்லாந்து மிதக்கப் பழகிக்கொண்டிருந்தாள். நான் நிழலில் இருந்து கணவருக்கு வள்ளத்தின் கதையைச் சொன்னேன். ஆறு வருடத்துக்குப் பிறகு.

“ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் எங்களைக் கண்ட சந்தோசத்திலை நிண்டனீங்கள்.”

அவர் ஒரு முட்டையை எடுத்து உடைத்து, உரித்து, உப்புத் தூவி என் கையில் வைத்தார். “சாப்பிடும். மூண்டு நாளாச் சாப்பிடேல்லை எண்டு எனக்குத் தெரியும்” என்றார். பிறகு குளத்தைக் காட்டி, “அவளுக்கும் சொல்லும்” என்றார்.

நான் இறங்கிப் போய்ப் பாறை விளிம்பில் இருந்து கால்களைத் தண்ணீருக்குள் விட்டேன். குளிர்ந்தது. மொரீஷியஸ்காரி சற்றுத் தள்ளி நீந்திப் போனாள். மகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். நான் இயந்திரத்தைப் பற்றியும் படுக்கிற ஒழுங்கைப் பற்றியும் சொன்னேன். எழும்பாத பெண்ணைப் பற்றிச் சொல்லவில்லை.

“உனக்கு அது ஞாபகம் இருக்கோ?”

“இல்லை” என்றாள், தமிழில். தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டு நின்றாள். “உங்கடை கை ஞாபகம். வெங்காயம் மணந்தது. இண்டைக்கும் அப்பிடித்தான் மணந்தது. நான் அதைக் கனவெண்டு நினைச்சனான்.”

“வத்தகப்பழம் குளிர்ந்திருக்கும்” என்று வலைப்பையை இழுக்கப் போனாள். கத்தி கொண்டுவர மறந்துபோனோம். பழத்தைப் பாறையில் குத்தி உடைத்து, கையாலேயே பிய்த்துத் தின்றோம். அவள் தன் துண்டில் பாதியை எனக்குத் தந்தாள்.

திரும்பும் கப்பலில் வெயில் இன்னும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மகளைக் காணவில்லை. நான் எழும்பப் போனேன். “இரும். அங்கை நிக்கிறாள்” என்றார் கணவர். தட்டின் மறுமுனையில், கயிறு சுற்றிக்கொண்டிருந்த கப்பல் தொழிலாளி ஒருவரோடு கைகளை ஆட்டி ஆட்டிக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

பலேர்மோ மலை பெரிதாகத் தெரியத் தொடங்கியபோது வந்து என்னோடு ஒட்டி இருந்தாள். என் கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தாள்.

“அம்மா, துறைமுக அணையைத் தாண்டேக்கை இயந்திரத்தைக் குறைப்பினமாம். அவரிட்டைக் கேட்டு வந்தனான். இன்னும் பத்து நிமிசம்.”

பிறகு, “அஞ்சு நிமிசம்.”

பிறகு, “அணை வந்திட்டுது. இப்ப.”

சத்தம் இறங்கியது. என் உடம்பு தானாகத் தட்டை நோக்கிச் சரிந்தது. அவள் என் மடியில் இரண்டு கைகளையும் ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தாள். நான் வாங்கில்தான் இருந்தேன். பாரம்தூக்கிகளும் அவற்றுக்குப் பின்னால் நகரமும் மெதுவாகக் கிட்ட வந்தன.

“நல்லகாலம், இந்த முறை உருள என் தங்கச்சி இல்லை” என்றான் மொரீஷியஸ்காரியின் கணவன். மகள்தான் முதலில் சிரித்தாள்.

இன்றைக்கும் லிப்ட் நடுவழியில் நின்றால், பஸ்ஸின் இரைச்சல் குறைந்தால், என் கை பக்கத்தில் பிள்ளையைத் தேடும். அது போகவில்லை. ஆனால் அடுத்த கோடையிலும் அதே கப்பலில் போனோம்.

அந்த முதல் பயணம் முடிந்து, செப்டெம்பரில், கட்டுரைக் கொப்பியை மேசையில் திறந்து வைத்திருந்தாள். இரண்டு பக்கம் இருந்தது. கறுப்புப் பாறை, மிதக்கப் பழகியது, கையால் தின்ற பழம், எல்லாம் இருந்தன. நடுவில் ஒரு வரி: போகும்போது கடல் கொந்தளித்துக் கப்பல் பலமாக ஆடியதில் எங்கள் வத்தகப்பழம் உருண்டோடியது, எல்லாரும் சிரித்தோம்.

நான் ஆசிரியையாக இருந்தவள். பிழை கண்டால் கை சும்மா இருக்காது. கொப்பியை மெல்ல மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.