பள்ளத்தில் கிடந்த பூமி உருண்டை

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரே ஓர் அதிகாரம் மிஞ்சும். பி.எட். செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராகப் போகலாம். அப்படித்தான் கரடியூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பயிற்சி மாணவர்கள் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துவார்கள். நானும் அவர்களுடைய கல்லூரி விரிவுரையாளரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மதிப்பெண் போட வேண்டும்.

சுற்றுச்சூழலைப் பேணும் கல்வி என்று பாடத்திட்டத்தில் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். ஆகவே எல்லோரும் தெர்மாகோலோடு வந்திருந்தார்கள். தெர்மாகோலில் காடு, தெர்மாகோலில் ஏரி, 'நெகிழியை ஒழிப்போம்' என்று தெர்மாகோலில் வெட்டிய எழுத்து. கற்பித்தல் துணைக்கருவிக்கு உரிய மதிப்பெண் எல்லோருக்கும் முழுசாகக் கிடைத்தது.

கடைசியாக வந்த பயிற்சி மாணவி, வெள்ளக்கடை ஊர்ப் பெண், வெறுங்கையோடு நின்றாள்.

"துணைக்கருவி எங்கம்மா?" என்றார் விரிவுரையாளர்.

"வெளிய இருக்குதுங்க சார்."

பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின்னால், காப்பிச் செடிகளுக்கு நடுவே இருந்த பள்ளத்துக்குக் கூட்டிப் போனாள். குச்சியால் கிளறச் சொன்னாள். மேலே சருகு; அதன் கீழே கறுத்து மண்ணாகிவிட்ட சருகு; அதற்கும் கீழே ஒரு தெர்மாகோல் பூமி. நீலச் சாயம் வெளுத்திருந்ததே தவிர சேதமில்லை. 'பூமியைக் காப்போம்' என்ற வரியும் விரிவுரையாளருடைய கல்லூரியின் பெயரும் பளிச்சென்று இருந்தன. தேர்வு முடிந்ததும் மாதிரிகளை அங்கே வீசிவிட்டுப் போவது வருடாவருடம் நடப்பதாம்.

"எலையெல்லாம் மண்ணாப் போச்சு. இது ஏன் கண்ணு போகல?" என்று பிள்ளைகளைக் கேட்டாள்.

"காப்போம்னு எழுதியிருக்குதுங்க டீச்சர். நொம்ப நல்லாத்தான் காப்பாத்தியிருக்கறாங்க!" என்றாள் ஒரு குட்டிப்பெண். வகுப்பே சிரித்தது. விரிவுரையாளர் சிரிக்கவில்லை.

அறைக்குத் திரும்பியதும், "துணைக்கருவி தயாரிக்கலீங்க மேடம். பூஜ்யம் போட்டரலாங்க" என்றார். அந்த மதிப்பெண் போனால் அவள் தேற மாட்டாள். இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். நகத்தில் மண்ணோடு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

"போடலாமே. ஆனா காரணம் எழுதணும், அதுதான் விதி. மட்காத குப்பையப் பத்தின பாடத்துக்கு மட்காத குப்பையவே காட்டினாள், அது எங்க கல்லூரிக் குப்பைன்னு எழுதுங்க. உடனே கையெழுத்துப் போடறேன்."

"ஏனுங்க மேடம், ஒரு புள்ளைக்காக இப்படி..."

"அந்த உருண்டைக்கு அன்னிக்கு எவ்வளவு போட்டீங்க?"

பேனாவை மூடி வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தேன். இரண்டு கையெழுத்து இல்லாமல் பட்டியல் செல்லாது. கடைசி பஸ் வரை உட்கார எனக்கு நேரம் இருந்தது; பென்ஷன் வாங்குகிறவளுக்கு வேறென்ன வேலை? விரிவுரையாளர் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு முழு மதிப்பெண்ணை எழுதினார். நான் பேனாவைத் திறந்தேன்.

இனிமேல் என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று தெரியும். கிளம்பும் முன் அந்த உருண்டையைக் குழாயடியில் கழுவி, விரிவுரையாளர் முன்னால் மேசைமேல் வைத்தேன். கல்லூரியின் பெயர் போட்ட பொருள். அதை உரியவர்களிடம் ஒப்படைப்பதுதான் நடைமுறை.